அடுக்குமாடி வளாகம் பேருந்து நிலையம் ஆகாது

சென்னையின் ஏதாவது ஒரு பேட்டையில் பஸ் நிற்க இடமில்லை, மழைக்கு ஒதுங்க இடமில்லை என்று மக்கள் குரல் எழுப்பினால், சில ஆண்டுகளாக வருகிற பதில் ஒன்றுதான்: பழைய நிலையத்தை இடித்துவிட்டுப் பல மாடி ஒருங்கிணைந்த வளாகம் கட்டுகிறோம். தரைத்தளத்தில் பஸ், அதற்குக் கீழே கார் நிறுத்தம், மேலே கடைகள், அதற்கும் மேலே அலுவலகங்கள். போட்ட பணம் வாடகையில் திரும்பிவிடும். கூரையில் சூரியத் தகடு பதிப்பதால் பசுமைக் கட்டடம் என்ற பெயரும் கிடைக்கும். பிராட்வே, வடபழனி, திருவான்மியூர், வியாசர்பாடி என்று இந்த வரிசை நீள்கிறது. வரைபடங்கள் அழகாகவே இருக்கின்றன. பத்திரிகைகள் பாராட்டுகின்றன, நாளும் வெயிலில் நின்று சலித்தவர்கள் இனியாவது விடியும் என்று நம்புகிறார்கள். அவர்கள் நம்புவதில் குற்றமில்லை. அவர்களுக்கு வேண்டியதை இந்த வளாகங்கள் தரப்போவதில்லை என்பதுதான் என் வாதம். ஒரு பேட்டையின் போக்குவரத்து மையம் ஒற்றைக் கட்டடமாக இருக்கத் தேவையே இல்லை. கூட்டவும் குறைக்கவும் இடம் மாற்றவும் கூடிய சிறு சிறு அலகுகளாக அதை அமைக்க முடியும், அமைக்க வேண்டும்.

கோயம்பேட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தப் பாடத்துக்கு நாம் முழு விலை கொடுத்திருக்கிறோம். 2002 நவம்பரில் அங்கே வெளியூர்ப் பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 37 ஏக்கர். ஆசியாவின் மிகப் பெரிய நிலையங்களில் ஒன்று என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். அந்தப் பெருமைக்கு நியாயம் இருந்தது. பிராட்வே நெரிசலில் மூச்சுத் திணறியவர்களுக்கு அது பெரிய விடுதலை. 2015-இல் அதன் பக்கத்திலேயே மெட்ரோவும் வந்தது. ஆனால் 2018-இல் ஆந்திரா போகும் பஸ்கள் மாதவரத்துக்குப் போய்விட்டன. 2023 டிசம்பர் 30 அன்று தெற்கே கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்டது, அடுத்த சில வாரங்களில் தென்மாவட்டப் பஸ்களும் வெளியேறின. கான்கிரீட் அறுபது எழுபது ஆண்டு நிற்கும். எந்த வேலைக்காக அதை ஊற்றினோமோ அந்த வேலையின் பெரும்பகுதி 21 ஆண்டில் இடம் பெயர்ந்துவிட்டது.

இதில் யாரோ ஒரு அதிகாரி தவறு செய்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை. 2002-இல் பெருங்களத்தூருக்கு அப்பால் நகரம் இந்த அளவுக்குப் பெருகும் என்று கணக்குப் போட்டவர்கள் குறைவு. இன்று போடும் கணக்கும் அப்படித்தான் பொய்க்கும். மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர். அது ஓடத் தொடங்கியதும் எந்தச் சந்திப்பில் கூட்டம் இரட்டிக்கும், எந்த நிறுத்தம் வெறிச்சோடும் என்று இப்போதே துல்லியமாகச் சொல்லக்கூடியவர் எவருமில்லை. தெரியாத எதிர்காலத்துக்குத் திருத்த முடியாத விடையை எழுதி வைப்பதுதான் இந்த வளாகங்களின் அடிப்படைப் பிழை.

கிளாம்பாக்கம் இன்னொன்றையும் காட்டியது. ஏறத்தாழ 88 ஏக்கரில், 393.74 கோடி ரூபாய்ச் செலவில் எழுந்த நிலையம் திறக்கப்பட்ட நாளில் பக்கத்தில் ரயில் நிற்க நிலையம் இல்லை. தண்டவாளம் கூப்பிடு தூரத்தில் ஓடியது, ரயில் நிற்கவில்லை. மாளிகை முதலில் வந்தது, அதற்குப் போகும் வழி பிறகு வரும் என்றார்கள். பெட்டியும் குழந்தையுமாக நள்ளிரவில் அங்கே இறங்கியவர்களுக்கு மாளிகையைவிட வழிதான் முக்கியமாக இருந்தது.

வருமானத்துக்கு வருவோம். மேல்மாடிக் கடைகளின் வாடகையில் நிலையம் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் என்பது இந்தத் திட்டங்களின் உயிர்நாடி. நம் ஊரில் இதைச் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி, 1997-இல் மயிலாப்பூரையும் 2007-இல் வேளச்சேரியையும் எட்டிய பறக்கும் ரயிலின் நிலையங்களுக்குள் போய்ப் பாருங்கள். வணிகத்துக்கென்று விடப்பட்ட தளங்கள் ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்தன. விளக்கு எரியாத கூடங்கள், பூட்டிய கதவுகள், புறா எச்சம். மாலை ஏழு மணிக்கு மேல் அந்தப் படிக்கட்டுகளில் தனியாக இறங்கப் பெண்கள் அஞ்சினார்கள். வாடகை வராதது மட்டும் இழப்பு அல்ல. தேவைக்கு மேல் பெரிதாகக் கட்டிய இடத்தைக் காவல் காக்கவும் துப்புரவு செய்யவும் யாராலும் முடியாமல் போனதால், பயணியே அந்த ரயிலைத் தவிர்க்கும் நிலை வந்தது.

ஹாங்காங்கில் நிலையங்களுக்கு மேல் கட்டடம் எழுப்பித்தானே ரயில் நிறுவனம் சம்பாதிக்கிறது என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அங்கே ரயிலை ஓட்டுபவரும் நிலத்தை வளர்ப்பவரும் ஒரே நிறுவனம், நில வருமானம் அதே ரயிலுக்குத் திரும்புகிறது. அங்கு பெரும்பாலான மக்கள் பொதுப் போக்குவரத்தில்தான் போகிறார்கள், நிலையத்தின் வாசலே கடையின் வாசல். இங்கே நிலம் ஒருவருடையது, கட்டுபவர் வேறொருவர், பஸ் ஓட்டும் மாநகர் போக்குவரத்துக் கழகம் தன் சொந்த இடத்திலேயே குடித்தனக்காரர் போல ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும். கடைக்கு முகப்பு வேண்டும், கார் இறங்கச் சரிவுப்பாதை வேண்டும், சரக்கு லாரிக்கு வழி வேண்டும். இத்தனைக்கும் ஒதுக்கியது போக மிஞ்சிய தரையில்தான் பஸ்.

அந்தத் தரையில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இடம் போதவில்லை என்ற வாதத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. டிரிப் முடித்து ஒரு பஸ் உள்ளே வருகிறது. பயணிகள் இறங்குகிறார்கள். கண்டக்டர் டைம் கீப்பர் அறைக்குப் போய் நேரம் போட்டுக்கொள்கிறார், டிரைவர் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கிறார், இருவரும் டீ குடிக்கிறார்கள். மூன்று மணி நேரம் போக்குவரத்து நெரிசலில் இருந்தவர்களுக்கு அந்த இடைவேளை அவசியம், அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அவ்வளவு நேரமும் பஸ் நிற்பது பயணிகள் ஏறும் மேடையில். பின்னால் வந்த பஸ்ஸுக்கு இடமில்லை, அது வாசலிலேயே ஆளை இறக்குகிறது. ஏற வேண்டியவர்கள் எந்தப் பஸ் எங்கே நிற்கும் என்று தெரியாமல் இரண்டு பஸ்களுக்கு நடுவில் ஓடுகிறார்கள்.

ஒரு மேடையில் ஒரு பஸ் 15 நிமிடம் நின்றால் அங்கிருந்து மணிக்கு 4 பஸ்தான் புறப்பட முடியும். 5 நிமிடத்தில் நகர்ந்தால் 12. பத்து மேடை உள்ள நிலையத்தில் இது 40-க்கும் 120-க்கும் உள்ள வித்தியாசம். ஒரு சதுர அடி கூடக் கட்டாமல், ஓய்வில் நிற்கும் பஸ்களைக் கூப்பிடு தூரத்தில் வேறொரு இடத்தில் நிறுத்தி, அங்கே ஊழியருக்கு ஓய்வறையும் கழிப்பறையும் கொடுத்தால் நிலையத்தின் கொள்ளளவு மூன்று மடங்காகும். நடைமுறையில் முழுப் பலன் கிடைக்காது என்றே வைத்துக்கொள்வோம், பாதி கிடைத்தாலும் பெரிய லாபம். ஐந்து மாடி கட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் பஸ் மாடி ஏறுவதில்லை.

மாடி வந்தால் தரை சுருங்கவும் செய்யும். 12 மீட்டர் நீளமுள்ள ஒரு பஸ் திரும்புவதற்கு ஏறத்தாழ 24 மீட்டர் விட்டமுள்ள வட்டம் வேண்டும். கடைக்கும் கார் நிறுத்தத்துக்கும் தோதான தூண் இடைவெளி எட்டு ஒன்பது மீட்டர்தான். தூண்களுக்கு நடுவில் வளைந்து வளைந்து பஸ் ஓட்டச் சொல்கிறோம். பகலிலும் விளக்குப் போட வேண்டிய அந்தத் தளத்தில் டீசல் புகைக்கு மேலே போக வழியில்லை. இவ்வளவையும் கட்டி முடிக்கும் ஆண்டுகளில் பஸ்கள் சாலையோரத்துக்கு விரட்டப்படும். வளாகத்தின் பலனை யார் அனுபவிப்பார்களோ தெரியாது, அதன் கஷ்டத்தை இன்றைய பயணிதான் சுமக்கிறார்.

பசுமை என்ற பேச்சையும் அப்படியே விழுங்க முடியவில்லை. நம் வெயிலில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், அதற்குக் கிட்டத்தட்ட 10 சதுர மீட்டர் கூரை வேண்டும். 12 மீட்டர் மின்சார பஸ் கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் குடிக்கிறது. நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடும் ஒரே ஒரு பஸ்ஸுக்கு 500 சதுர மீட்டருக்கும் அதிகமான கூரை தேவை. ஆக, கூரைத் தகடு விளக்குக்கும் விசிறிக்கும் அறிவிப்புப் பலகைக்கும் ஆகும், நல்லதுதான், பதிக்கட்டும். 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின, அவற்றின் வயிற்றை நிரப்புவது இந்தக் கூரைகள் அல்ல. மறுபக்கம், உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் நூற்றில் ஏழெட்டுப் பங்கு சிமென்ட் தொழிலிலிருந்து வருகிறது. 21 ஆண்டில் வேலை போய்விடும் கட்டடத்துக்காக அவ்வளவு கான்கிரீட்டை ஊற்றிவிட்டு உச்சியில் தகடு பதிப்பதைப் பசுமை என்று என்னால் ஏற்க முடியாது.

சரி, வேறு எப்படி? வேளச்சேரியை எடுத்துக்கொள்கிறேன். பறக்கும் ரயில் நிலையம் ஒரு பக்கம், விஜயநகர் பேருந்து நிலையம் இன்னொரு பக்கம். நடக்க முடியாத தூரமில்லை, ஆனால் நடக்க வைக்கும் பாதையும் இல்லை. நடுவில் ஷேர் ஆட்டோக்கள் கிடைத்த இடத்தில் நிற்கின்றன, போலீஸ் விரட்டுகிறது, மறுபடி வந்து நிற்கின்றன. ஏப்ரல் மாதம் மதியம் மூன்று மணிக்கு ஏதாவது ஒரு நிறுத்தத்தைப் பாருங்கள். எவர்சில்வர் பெஞ்சு கொதிக்கிறது, ஒருவரும் அதில் உட்காரவில்லை. நிழற்குடையின் கூரை உயரத்தில் இருப்பதால் மேற்கு வெயில் அதன் அடியில் புகுந்து முழு இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. விளம்பரப் பலகைக்குப் பின்னால் ஒரு முழ அகலத்துக்கு விழும் நிழலில் ஆறேழு பேர், பள்ளிப் பிள்ளைகளும் கூடைக்காரப் பெண்களும், ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள். வெயில் நகர நகர அவர்களும் நகர்கிறார்கள்.

இங்கே ஒரே இடத்தில் எல்லாவற்றையும் குவிக்க வேண்டியதில்லை. ரயில் நிலையத்தின் காலடியில் சில மேடைகள், விஜயநகரில் சில, நடுவில் ஷேர் ஆட்டோவுக்கும் ஆட்டோவுக்கும் முறையான நிறுத்தம், இவற்றை இணைக்கும் நிழலான நடைபாதை. அடிப்படை அலகு ஒன்று: ஒரு பஸ்ஸின் நீளத்துக்குச் சற்று அதிகமான கூரை, துத்தநாகப் பூச்சுள்ள இரும்புக் கால்கள், எல்லாம் வெல்டிங் இல்லாமல் போல்ட்டில் முடுக்கியவை. கடல் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும் என்பது உண்மை, அதனால்தான் கழற்றி ஒரு காலை மட்டும் மாற்ற முடிகிற அமைப்பு வேண்டும். கூரை இரண்டு அடுக்கு, நடுவில் காற்று ஓட இடைவெளி. மேற்குப் பக்கம் கூரையின் தாழ்வாரம் நன்றாக இறங்கி வர வேண்டும். உட்கார இரும்பு வேண்டாம், கடப்பைக் கல்லோ மரமோ போதும். இரண்டு அலகுகளுக்கு நடுவில் ஒரு புங்க மரம். பத்து ஆண்டில் மரம் நிழலை ஏற்றுக்கொண்டால் அந்தக் கூரையைக் கழற்றி நிழலில்லாத வேறொரு நிறுத்தத்துக்குக் கொண்டுபோகலாம்.

தரையைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பில் இருக்கும் ஊர் இது. 2015 வெள்ளத்தில் வேளச்சேரி பட்ட பாடு யாருக்கும் மறக்காது. இங்கே அடித்தளக் கார் நிறுத்தம் தோண்டுவது பொறுப்பற்ற செயல். பஸ் நின்று கிளம்பும் தடத்துக்கு மட்டும் கான்கிரீட் வேண்டும், தாரென்றால் பிரேக் போட்ட இடமெல்லாம் அலை அலையாகிவிடும். மற்ற இடங்களில் நீர் இறங்கும் தளம், கூரை நீர் வடிந்து சேர உறைகிணறு, மின்பெட்டிகள் 2015-இன் வெள்ள மட்டத்துக்கு மேலே.

மேடையின் உயரம் ஒரு பெரிய விஷயம், வரைபடக்காரர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. நம் நகரப் பேருந்துகளின் தளம் தரையிலிருந்து 400, 650, 900 மில்லிமீட்டர் என்று மூன்று உயரங்களில் வருகிறது. சக்கர நாற்காலியில் இருப்பவரும் முட்டி வலிக்காரரும் ஏற வேண்டுமென்றால் மேடையும் பஸ் தளமும் ஒட்டி வர வேண்டும். 2024-இல் சென்னையில் தாழ்தளப் பஸ்கள் மீண்டும் ஓடத் தொடங்கியதற்கு மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போய் நடத்திய நீண்ட போராட்டம் காரணம். இப்போது எந்த உயரத்துக்குக் கான்கிரீட் மேடை கட்டுவது? தாழ்தளப் பஸ்கள் பெருகப் பெருக மேடைகள் மாற வேண்டும். கழற்றி மாட்டும் மேடையென்றால் தடத்துக்கு ஏற்ற உயரத்தை இன்றைக்கே வைக்கலாம், ஐந்து ஆண்டு கழித்து மாற்றலாம். மின்னேற்றிக் கருவிகளும் அப்படித்தான். அவற்றின் தொழில்நுட்பம் மாறிக்கொண்டே இருக்கும்போது சுவருக்குள் பதித்துக் கட்டக் கூடாது.

இப்படிச் செய்து பார்த்த ஊர்கள் உண்டு. பிரேசிலின் குரிச்சிபா நகரில், கட்டடக் கலைஞரான மேயர் ஜைமே லெர்னர் காலத்தில், 1991-இல் குழாய் வடிவ நிறுத்தங்கள் வந்தன. உள்ளே நுழையும்போதே கட்டணம், பஸ் தளத்துக்குச் சமமான மேடை, அகலக் கதவுகள். பஸ் நின்ற வேகத்தில் கிளம்பியது. கூட்டமுள்ள இடங்களில் குழாயை நீளமாகவோ இரட்டையாகவோ அமைத்தார்கள். அந்தக் கண்ணாடிக் குழாயை அப்படியே சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லமாட்டேன். குரிச்சிபா 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர், இங்கே அதற்குள் மனிதர் வெந்துபோவார். எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் முறையை.

நமக்கு இன்னும் பக்கத்தில் கொச்சி இருக்கிறது. வைற்றிலா போக்குவரத்து மையம் 2011-இல் பஸ்களோடு தொடங்கியது. 2019-இல் மெட்ரோ வந்து சேர்ந்தது, 2023-இல் நீர் மெட்ரோ. ஒவ்வொன்றும் அதனதன் காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. படகு ஏறும் மேடை நீரில் மிதக்கிறது, நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் படகுத் தளத்தோடு சமமாகவே இருக்கிறது. ஊன்றுகோலோடு வரும் ஒரு பெரியவர் படகுக்குள் நடந்து போகிறார், யாரும் கை கொடுத்துத் தூக்க வேண்டியதில்லை. நம்மூரிலும் 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் 570 மீட்டர் ஆகாய நடைமேடை இணைத்தது, செலவு 28.45 கோடி. தரையை வண்டிக்கு விட்டுவிட்டு மனிதரை மேலே ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் இரண்டில் ஒன்றையும் இடிக்காமல், ஓர் இணைப்பை மட்டும் சேர்த்து எவ்வளவு பேருக்கு வழி திறக்க முடியும் என்பதை அது காட்டிவிட்டது.

இதற்கெல்லாம் எதிராகச் சொல்லப்படுவதில் எனக்கு உறைப்பது ஒன்று உண்டு. 'விமானத்தில் போகிறவனுக்குக் கண்ணாடி மாளிகை, பஸ்ஸில் போகிறவனுக்குக் கொட்டகையா?' நியாயமான கோபம். தற்காலிகம் என்று தகரம் வேய்ந்து, பத்தாண்டு அப்படியே விட்ட நிலையங்களை நாம் பார்த்திருக்கிறோம். பத்தாண்டுக்கு முன் மாநகராட்சி கொண்டுவந்து வைத்த மின்னணுக் கழிப்பறைகளும் தொழிற்சாலையில் செய்து இறக்கிய அலகுகள்தான். அவற்றில் பல சீக்கிரமே கதவு திறக்காமல் நின்றுபோயின. தண்ணீருக்கும் பராமரிப்புக்கும் பொறுப்பான ஆள் இல்லாத இடத்தில் எந்த அலகும் குப்பையாகும். ஆனால் அதே ஆளில்லாக் குறைதான் பறக்கும் ரயில் நிலையங்களையும் இருட்டாக்கியது. பெரிதாகக் கட்டுவதால் பொறுப்பு தானாக வந்துவிடுவதில்லை.

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் வட்டாரத்துக்கு 2016 முதல் 2021 வரை தற்காலிகப் பேருந்து முனையம்தான் இருந்தது. தற்காலிகம் என்பதற்காக அதை அரைகுறையாக விடவில்லை. கூரை, வரிசைத் தடுப்புகள், கழிப்பறை, வழிகாட்டிப் பலகை எல்லாம் முறையாக இருந்தன. நம் ஊரிலும் திருவிழாப் பந்தல்காரர் ஆயிரம் பேர் உட்காரும் நிழலை இரண்டு நாளில் எழுப்பி, காற்றுக்கும் மழைக்கும் தாக்குப்பிடிக்க வைத்து, அடையாளம் தெரியாமல் பிரித்துக்கொண்டு போகிறார். கைத்திறன் நம்மிடம் இருக்கிறது. ஒப்பந்த ஆவணத்தில்தான் அதற்கு இடமில்லை.

அந்த ஆவணத்தை மாற்ற வேண்டும். கட்டி முடித்ததும் மொத்தப் பணத்தையும் கொடுத்து அனுப்பாமல், பத்தாண்டுப் பராமரிப்போடு சேர்த்து, கழிப்பறை திறந்திருந்த நாட்களுக்கும் விளக்கு எரிந்த நாட்களுக்கும் பணம் தரும் ஒப்பந்தமாக அது இருக்கட்டும். அலகுகளின் வரைபடங்கள் பொதுச்சொத்தாக இருந்தால் அம்பத்தூரிலும் கிண்டியிலும் உள்ள சிறு பட்டறைகள்கூட உதிரி செய்து கொடுக்க முடியும். பஸ், ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே பயணச்சீட்டை 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்று' செயலி வழியாக, சென்னையின் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்து ஆணையமான கும்டா கொண்டுவந்திருக்கிறது. சீட்டை இணைக்க முடிந்த அமைப்புக்கு நடைபாதையை இணைக்கும் அதிகாரமும் நிதியும் கொடுக்க வேண்டும். முதல் அலகுகளை வேளச்சேரி ரயில் நிலையத்தின் காலடியில், அடுத்த கோடைக்கு முன் நிறுத்தலாம். ஓராண்டு அதில் நின்று பஸ் ஏறுகிறவர்களையும், அங்கே டிரிப் முடிக்கிற டிரைவர் கண்டக்டரையும் கேட்டு, எங்கே கூட்டுவது, எதைக் கழற்றுவது என்று முடிவு செய்த பிறகே விஜயநகருக்கான ஒப்பந்தம் போக வேண்டும்.